தம் கையால் கட்டிய படகு



கலம் கட்டுதல் என்றதும் முஸ்லிமின் நெஞ்சில் முதலில் தோன்றுபவர்கள் நபி நூஹ் (அலை) அவர்களே ஆவார்கள். இறைக் கண்காணிப்பிலும் இறை அறிவிப்பின்படியும் கப்பலைக் கட்டுமாறு அவர்களுக்குக் கட்டளை வந்ததை அத்தியாயம் ஹூதின் 37ஆம் வசனத்தில் காண்கிறோம். அது பலகைகளாலும் ஆணிகளாலும் ஆனது என்பதை அத்தியாயம் கமரின் 13ஆம் வசனம் உணர்த்துகிறது. சிந்தித்துப் பாருங்கள். 'ஆகுக' என்ற ஒரு சொல்லாலேயே தன் தூதரைக் காப்பாற்ற வல்லவன் அல்லாஹ். அவனோ பலகையையும் ஆணியையும் கையில் எடுக்கச் சொன்னான். பாதுகாப்பு அவனிடமிருந்தே வருகிறது. எனினும் ஆணி இறுகுமாறு அடிக்க வேண்டிய பொறுப்பு மனிதனுடையது.

மதரஸாவில் இந்த வரலாற்றைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர்கள், "படகை எப்படிக் கட்டுவார்கள்?" என்று கேட்பது வழக்கம். நல்ல கேள்விக்கு நல்ல விடை தேடப் புகுந்தால் அது நம்மை எங்கெங்கோ அழைத்துச் செல்லும். இம்முறை அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சதுப்பு நிலங்களுக்கு அழைத்துச் சென்றது. அங்கே சாதாரணக் குடும்பத் தலைவர்கள் பலர், வீட்டை ஒட்டிய கார் கொட்டகையிலேயே அலுமினியத் தகடுகளை வெட்டி, வளைத்து, பற்றவைத்து வாத்து வேட்டைக்கான படகைத் தாமே கட்டிக்கொள்கிறார்கள். அதை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் எனும் இழுவண்டியையும் தாமே பராமரிக்கிறார்கள். இந்தக் கைத்தொழிலில் ஒரு தந்தையின் உயிரும் அவருடன் செல்லும் பிள்ளையின் உயிரும் அடங்கியிருக்கின்றன. ஆகவேதான் அதைப் பற்றி விரிவாக எழுதத் துணிந்தேன்.

வாத்துகளின் வழித்தடம்

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் உள்ள புல்வெளிக் குட்டைகளில் கோடையில் குஞ்சு பொரிக்கும் வாத்துகள், குளிர் தொடங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவை செல்லும் வான்வழிகளை அட்லாண்டிக், மிசிசிப்பி, மத்தியம், பசிபிக் என நான்காகப் பிரித்திருக்கிறார்கள். மிசிசிப்பி வழித்தடத்தில் உள்ள ஆர்கன்சாஸ் மாநிலம் நெல் விளையும் பூமி. அறுவடை முடிந்த வயல்களில் தேங்கும் நீரில், சிந்திய நெல்மணிகளைத் தேடி வாத்துகள் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. தஞ்சைத் தரணியின் தாளடி வயல்களைக் கண்டவர்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

ஆழமற்ற நீர், அடர்ந்த கோரை, அடியில் சேறு ஆகியவையே வாத்து வாழும் இடம். அங்கே ஆழமாக அமிழும் படகு செல்லாது. தட்டையான அடிப்பாகம் கொண்டு, அரை அடி நீரிலும் வழுக்கிச் செல்லும் படகு தேவை. 1836ஆம் ஆண்டிலேயே நியூ ஜெர்சி மாநிலத்தின் பார்னிகட் விரிகுடாப் பகுதியில் ஹேசல்டன் சீமன் என்ற படகுத் தச்சர், ஒருவர் படுத்து மறைந்திருக்கக்கூடிய தாழ்ந்த மரப்படகு ஒன்றை வடிவமைத்தார். பதுங்கிச் செல்லும் பெட்டி என்று பொருள்படும் பெயரால் அது இன்றும் வழங்கப்படுகிறது. வேட்டைப் படகுகளின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

ஏன் அலுமினியம்?

மரம் ஊறும், உளுக்கும், ஆண்டுதோறும் கலாபற்று வேலை கேட்கும். இரும்பு துருப்பிடிக்கும், எடையும் மிகுதி. அலுமினியமோ இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடையது. காற்றுப் பட்டதும் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று தோன்றி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காத்துவிடுகிறது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலேயே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டறிந்தனர். அதன் பிறகே இவ்வுலோகம் மலிவாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களைச் செய்து குவித்த கிரம்மன் நிறுவனம், 1945இல் அதே அலுமினியத் தகட்டைக் கொண்டு சிறு ஓடங்களைச் செய்யத் தொடங்கியது. அழிவுக்குப் பயன்பட்ட தகடு, ஆற்றில் மிதக்கும் அமைதியான ஓடமாயிற்று. பொருள் ஒன்றே, அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே வேறுபாடு.

ஆனால் எல்லா அலுமினியமும் படகுக்கு ஆகாது. நம் வீட்டுச் சோற்றுப் பானைத் தகடு வேறு. படகுத் தகடு வேறு. மக்னீசியம் கலந்த 5052, 5086 என்னும் எண்களால் குறிக்கப்படும் கலவைகளே நீருக்கு ஏற்றவை. அவற்றை வளைக்கலாம், பற்றவைக்கலாம், உப்பு நீரையும் அவை தாங்கும். கடைகளில் எளிதில் கிடைக்கும் 6061 என்ற கலவை உறுதியானதே. எனினும் கடினமாக்கப்பட்ட அதன் தகட்டைக் கூர்மையாக வளைத்தால் மடிப்பில் விரிசல் விடும். ஆகவே சட்டங்களுக்கும் குழாய்களுக்கும் அதைப் பயன்படுத்துவர். வளைக்க வேண்டிய பக்கங்களுக்குப் பயன்படுத்த மாட்டார்கள். தகட்டின் கனம் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் இருக்கும்.

கட்டும் முறை

அனுபவசாலிகள் தகட்டில் கை வைப்பதற்கு முன் அட்டையில் கை வைக்கிறார்கள். பதினான்கு அல்லது பதினாறு அடிப் படகை அங்குலக் கணக்கில் சுருக்கி, தடித்த அட்டையில் வெட்டி, ஒட்டிப் பார்க்கிறார்கள். எந்த மடிப்பு எங்கே விழுகிறது, முன்புறம் எவ்வளவு மேலெழுகிறது, இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்பதெல்லாம் அந்த அட்டைப் படகிலேயே விளங்கிவிடும். அட்டையில் நேரும் பிழைக்கு விலை சில காசுகள். தகட்டில் நேரும் பிழைக்கோ விலை மிக அதிகம்.

தகட்டை வெட்டப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கார்பைடு பல் கொண்ட வட்டரம்பம் அலுமினியத்தை நன்றாகவே வெட்டும். வளைப்பதற்கு மட்டும் பட்டறையிலுள்ள வளைப்பு எந்திரத்தை நாடுகிறார்கள். பின்னர் அடித்தகட்டின்மீது குறுக்குச் சட்டங்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். மனித உடலுக்கு விலா எலும்பு எப்படியோ, படகுக்கு இச்சட்டங்கள் அப்படி. இவை இல்லையேல் அலை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அடித்தகடு மத்தளம் போல் அதிர்ந்து, நாளடைவில் களைத்து விரிந்துவிடும்.

அடுத்தது பற்றவைப்பு. இங்கேதான் தொழிலாளியின் பொறுமை சோதிக்கப்படுகிறது. அலுமினியம் உருகுவது 660 டிகிரி சென்டிகிரேடில். அதன்மேல் படர்ந்திருக்கும் ஆக்சைடு படலம் உருகுவதோ 2,000 டிகிரிக்கும் மேலே. ஆகவே படலத்தை நீக்காமல் பற்றவைத்தால், மேலே தோல் போல் அது நிற்க, உள்ளே உலோகம் உருகி ஓடிவிடும். இணைப்பு போலியாகவே அமையும். அசிட்டோன் கொண்டு எண்ணெய்ப் பசையைத் துடைத்து, அலுமினியத்திற்கென்றே ஒதுக்கி வைத்த துருவேறா எஃகுத் தூரிகையால் தேய்த்து, ஆர்கான் வாயுவின் காப்பில் பற்றவைக்க வேண்டும். இரும்பில் தேய்த்த தூரிகையை இங்கே தொடவே கூடாது.

இரும்பு சிவந்து எச்சரிக்கை செய்யும். அலுமினியம் நிறம் மாறாமலேயே இருந்து சட்டென்று உருகிவிடும். அது வெப்பத்தை வேகமாகக் கடத்தும். வெப்பத்தால் இரும்பைவிட இருமடங்கு விரியும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மூச்சில் பற்றவைத்தால் படகு முறுக்கிக்கொள்ளும். ஆதலால் முதலில் ஆங்காங்கே புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து நிறுத்துவார்கள். பின்பு இடப்பக்கம் சிறிது, வலப்பக்கம் சிறிது, முன்னே சிறிது, பின்னே சிறிது என மாற்றி மாற்றி முடிப்பார்கள்.

எல்லாம் முடிந்த பின் சோதனை. படகை நீரில் விடுவதற்குப் பதிலாக, நீரைப் படகுக்குள் விடுகிறார்கள். இழுவண்டிமீது நிறுத்தி, உள்ளே சில அங்குலம் நீர் ஊற்றி, வெளியே எங்கே துளி அரும்புகிறது என்று பார்க்கிறார்கள். துளி அரும்பிய இடத்தை மீண்டும் சுத்தம் செய்து பற்றவைக்கிறார்கள். வெளியே பளபளக்கும் இணைப்பு உள்ளே பொத்தலாக இருக்கக்கூடும். இதை மனிதர்களுக்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

மிதவை என்னும் உயிர்க்காப்பு

மரப்படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். அலுமினியப் படகில் நீர் நிரம்பினால் அது நேரே அடிக்குச் சென்றுவிடும். இதை மறந்தவர்கள் பலர் மாண்டிருக்கிறார்கள். ஆதலால் நீர் உறிஞ்சாத நுரைப் பாளங்களைப் படகின் பக்கங்களிலும் இருக்கைகளுக்குக் கீழும் அடைத்து வைக்க வேண்டும்.

இதன் கணக்கு எளியது. ஒரு கன அடி நீரின் எடை சுமார் 28 கிலோ. ஆகவே ஒரு கன அடி நுரை, தன் சொற்ப எடை போக, ஏறத்தாழ அந்த அளவைத் தாங்கும். 120 கிலோ எடையுள்ள அலுமினியக் கூடு நீருக்குள் ஏறத்தாழ 75 கிலோ எடையே காட்டும். எந்திரத்துக்கு 40 கிலோ சேர்த்தால் 115 கிலோ. இதற்கு மட்டும் நான்கு கன அடிக்குச் சற்று மேல் நுரை வேண்டும். வேட்டைச் சாமான்களுக்கும், மனிதர்கள் பற்றிக்கொண்டு மிதப்பதற்கும் மேலும் அதே அளவேனும் சேர்ப்பது விவேகம். நுரையை அடியில் மட்டும் வைத்தால் நீர் நிரம்பிய படகு தலைகீழாகப் புரளும். பக்கங்களில் உயரத்திலும், எந்திரம் தொங்கும் பின்புறத்திலும் பிரித்து வைத்தால் நிமிர்ந்தே மிதக்கும்.

எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கும் ஒரு வாய்பாடு உண்டு. படகின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுத்தால் வருவது ஆட்களின் எண்ணிக்கை. பதினைந்து அடி நீளம், நான்கு அடி அகலம் என்றால் நான்கு பேர். இது காற்றில்லாத அமைதியான நாளுக்கான கணக்கு. நூறு பொம்மை வாத்துகள், துப்பாக்கிகள், நாய், நனைந்த உடைகள் ஆகியவற்றோடு போகும் வேட்டைப் படகில் இரண்டு பேரே போதும் என்பார்கள் அனுபவசாலிகள்.

விற்பனைக்காகப் படகு கட்டும் நிறுவனங்களுக்கு மிதவை, சுமை அளவு ஆகியவை பற்றி அமெரிக்கச் சட்டம் கண்டிப்பான விதிகளை வகுத்துள்ளது. தம் சொந்த உபயோகத்திற்காகக் கட்டுபவரை அது அவ்வளவாக நெருக்குவதில்லை. மாநில அரசிடம் அடையாள எண் பெற்றுப் பதிந்துகொண்டால் போதும். இங்கேதான் மனச்சாட்சி வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதிகாரி கேட்கமாட்டார் என்பதற்காக நுரையைக் குறைப்பவர், தம் மகனையே நுரையில்லாத படகில் ஏற்றுகிறார்.

1940 நவம்பர் 11

இது வெறும் அச்சுறுத்தல் அன்று என்பதற்கு வரலாறு சாட்சி. முதல் உலகப் போர் ஓய்ந்ததன் நினைவாக நவம்பர் 11ஆம் நாள் அப்போது அங்கே விடுமுறையாக இருந்தது. 1940ஆம் ஆண்டு அந்த நாளின் காலைப் பொழுது பருவத்திற்கு மாறாக இதமாக இருந்தது. மின்னசோட்டா, விஸ்கான்சின் பகுதிகளில் மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்கும் சதுப்புகளுக்கும் வேட்டைக்காரர்கள் மெல்லிய உடையோடு சிறு படகுகளில் சென்றார்கள். வாத்துகள் வானை மறைக்கும் அளவுக்குத் திரள் திரளாக வந்தன. இத்தனை வாத்துகள் கிடைத்தனவே என்று மகிழ்ந்தவர்கள், அவை எதிலிருந்து தப்பி ஓடிவருகின்றன என்பதைச் சிந்திக்கவில்லை.

சில மணி நேரத்தில் சூறைக்காற்றும் மழையும் பனியும் ஒருசேர வந்தன. வெப்பநிலை சடுதியில் வீழ்ந்தது. ஆற்றில் எழுந்த அலைகளைச் சிறு படகுகளால் கடக்க முடியவில்லை. தீவுகளில் சிக்கியவர்கள் நனைந்த உடையோடு இரவெல்லாம் உறைபனியில் நின்றார்கள். படகைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடியில் ஒடுங்கியவர்களும் உண்டு. படகோடு மூழ்கியவர்களும் உண்டு. அந்தப் புயலில் அமெரிக்காவின் மத்தியப் பகுதியில் ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். அவர்களுள் வாத்து வேட்டைக்குச் சென்றவர்கள் மிகப் பலர்.

குளிர்நீரில் விழுந்தவனுக்கு என்ன நேர்கிறது என்பதை இன்று மருத்துவ அறிஞர்கள் சுருக்கமாக விளக்குகிறார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். அதன்பின் சுமார் பத்து நிமிடங்களே கைகால்கள் சொற்படி கேட்கும். உடல் வெப்பம் குன்றி நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அதாவது, குளிர் கொல்வதற்கு முன்பே கை செயலிழந்து நீர் கொன்றுவிடுகிறது. ஆதலால் உயிர்காப்புச் சட்டையைப் படகில் வைத்திருந்தால் போதாது. உடலில் அணிந்திருக்க வேண்டும். நீரில் விழுந்த பின் அதை மாட்டிக்கொள்ள இயலாது.

இழுவண்டியின் கதை

ஆபத்து நீரில் மட்டும் இருப்பதில்லை. நீருக்குச் செல்லும் சாலையிலும் இருக்கிறது. படகு ஆண்டில் சில நாள்களே நீரில் இருக்கும். மற்ற நாள்களெல்லாம் அது இழுவண்டியின் மீதே இருக்கிறது. இருந்தும் படகைத் துடைத்து மெருகூட்டுபவர்கள், இழுவண்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இழுவண்டியின் உயிர்நிலை அதன் சக்கரங்களில் உள்ள பேரிங்குகள். அதிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டு, நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் விரைந்து வந்த வண்டியின் சக்கரக் குடம் சூடேறியிருக்கும். அப்படியே பின்னோக்கிச் செலுத்திக் குளிர்ந்த நீரில் இறக்கினால், குடத்துக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அச்சுருக்கம் ஓரத்து அடைப்பைக் கடந்து நீரை உள்ளே உறிஞ்சிவிடும். கிரீஸோடு நீர் கலந்தால் வெளியே எதுவும் தெரியாது. சில வாரங்களில் பேரிங் துருப்பிடித்துத் தேய்ந்து, ஒரு நாள் நடுச்சாலையில் சக்கரமே கழன்று ஓடும். அது எதிரே வரும் யாருடைய வாகனத்தில் மோதும் என்பதை யார் அறிவார்?

இதற்குப் பரிகாரம் எளிது. கரையை அடைந்ததும் உடனே இறக்காமல், பொம்மைகளையும் பொருள்களையும் படகில் அடுக்கும் நேரம் வரை சக்கரம் ஆற வேண்டும். வழியில் நிற்கும்போதெல்லாம் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அங்கே கோளாறு உண்டு.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பேரிங்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. வண்டியை உறுதியான தாங்கியில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றி, மூடியையும் பூட்டு ஊசியையும் மறையையும் நீக்கிக் குடத்தை வெளியே எடுக்க வேண்டும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளில் குழியோ, சூட்டால் ஏறிய நீல நிறமோ தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். நல்லதாயின், நீரைத் தாங்கும் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடுக்கெல்லாம் நிரம்பும்வரை அழுத்திப் புகுத்த வேண்டும். உள்புற அடைப்பையும் பூட்டு ஊசியையும் எப்போதும் புதிதாகவே போட வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மறையை இறுக்கி, பின் சிறிது தளர்த்திப் பூட்ட வேண்டும். மிக இறுகினால் எரியும். மிகத் தளர்ந்தால் ஆடும். எல்லாவற்றிலும் நடுநிலையே நலம்.

இன்னொரு மறைமுகப் பகையும் உண்டு. படகு அமர்ந்திருக்கும் மரச்சட்டங்கள் உளுத்துப் போகாமலிருக்கச் செம்புச் சத்து ஊட்டப்பட்ட மரத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன்மேல் கம்பளமும் சுற்றுகிறார்கள். கம்பளம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஈரத்தின் வழியே செம்பும் அலுமினியமும் சேரும்போது ஒரு சிறு மின்கலம் போலாகி, அலுமினியம் அரிக்கப்படுகிறது. படகை ஏந்தியிருக்கும் கையே அதை அரித்துவிடுகிறது. இதே காரணத்தால்தான் செம்பு கலந்த வண்ணப்பூச்சும் அலுமினியப் படகுக்கு ஆகாது. சாதாரண மரத்தில் வண்ணம் பூசியோ, மேலே பிளாஸ்டிக் பட்டை பதித்தோ பயன்படுத்துவதே முறை.

பிற கவனங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வண்டியின் முன் கொக்கியில் விழ வேண்டும். பின்பக்கம் பளுவானால் வேகத்தில் வண்டி பாம்பு போல் நெளியும். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கொக்கி கழன்றாலும் ஏர்க்கால் சாலையில் குத்தாது. நீரில் இறக்குமுன் விளக்கு இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். அதிகம் ஓடாத டயர் தேயாமலே வெயிலில் வெடிப்பு விடும். ஆகவே டயரின் தேய்மானத்தை மட்டுமன்றி வயதையும் பார்க்க வேண்டும். படகின் பின்புற அடைப்பானைத் திருகாமல் நீரில் இறக்கிக் கரையிலேயே படகை மூழ்கடிப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

வேட்டை முடிந்து திரும்பும்போது அந்த அடைப்பானைக் கழற்றி நீர் முழுவதையும் வடித்து, ஒட்டிய பாசியை அகற்றிக் காயவிட வேண்டும் என்பது மின்னசோட்டா உள்ளிட்ட பல மாநிலங்களில் வலியுறுத்தப்படுகிறது. 1988இல் பேரேரிப் பகுதியில் கண்டறியப்பட்ட வரிச்சிப்பி என்னும் அயல்நாட்டு உயிரினம், படகுகளோடு ஒட்டிச் சென்று ஏரி ஏரியாகப் பரவி, குழாய்களை அடைத்துப் பெருந்தொல்லை தந்துவருகிறது. ஒருவரின் சோம்பல் ஓர் ஏரியையே கெடுத்துவிடும்.

சட்டமும் வரம்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வாத்துகளைச் சந்தைக்காகக் கொன்று குவித்தார்கள். பீரங்கி போன்ற பெருந்துப்பாக்கியைப் படகின் முன்புறம் பொருத்தி, ஒரே வெடியில் பல பத்துப் பறவைகளை வீழ்த்தினார்கள். பறவைகள் அருகியதும் கண் விழித்தார்கள். 1918இல் வலசைப் பறவைகளுக்கான சட்டம் வந்தது. 1934 முதல் வாத்து வேட்டைக்காரர்கள் முத்திரை ஒன்றை வாங்க வேண்டும் என்றாயிற்று. அந்தப் பணம் சதுப்பு நிலங்களை வாங்கிப் பாதுகாக்கச் செலவிடப்படுகிறது. அன்று ஒரு டாலராக இருந்த முத்திரை 2015 முதல் 25 டாலர். துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கூடாது. ஓடும் எந்திரப் படகிலிருந்து சுடக் கூடாது. எந்திரத்தை நிறுத்தி, அதன் வேகத்தால் படகு நகர்வதும் நின்ற பின்னரே சுட வேண்டும். ஈயக் குண்டுகள் நீரடியில் கிடந்து, அவற்றை விழுங்கும் பறவைகளை நஞ்சூட்டிக் கொன்றதால் 1991 முதல் நாடு முழுவதும் வாத்து வேட்டையில் ஈயம் தடை செய்யப்பட்டது.

இந்தியாவில் நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வாத்து முதலான காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது குற்றம். வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் வரும் பறவைகள் நமக்கு விருந்தாளிகள். அவற்றைக் கண்டு களிப்பதோடு நிற்க வேண்டும்.

மார்க்கம் கூறும் ஒழுங்கு

வேட்டை அனுமதிக்கப்பட்ட நாட்டில் வாழும் முஸ்லிமுக்கு மார்க்கம் தெளிவான வரம்புகளை வகுத்துள்ளது. பயிற்றுவிக்கப்பட்ட பிராணிகளைக் கொண்டு வேட்டையாடுவதை மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அனுமதிக்கிறது. அல்லாஹ்வின் திருநாமத்தை நினைவுகூருமாறும் பணிக்கிறது. ஹஜ், உம்ராவுக்காக இஹ்ராம் அணிந்தவருக்குத் தரை வேட்டை விலக்கப்பட்டது.

வாத்து வேட்டைக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு நபிமொழி உண்டு. நபித்தோழர் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றி வினவியபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விளக்கிய சட்டங்களில் ஒன்று, அம்பெய்த பிராணி நீரில் விழுந்து மூழ்கிக் கிடக்கக் கண்டால் அதை உண்ணலாகாது என்பதாகும். அதைக் கொன்றது அம்பா, தண்ணீரா என்பது தெரியாது என்பதே காரணம். சந்தேகமானதை விட்டு விலகும் பேணுதலுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? நீருக்கு மேலேயே நடைபெறும் இவ்வேட்டையில் படகு விரைந்து செல்வதும், பறவையை உயிருடன் எடுத்து அறுப்பதும் எவ்வளவு இன்றியமையாதவை என்பது இதனால் விளங்கும். துப்பாக்கிக் குண்டால் மட்டுமே இறந்த பறவையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே உயிருடன் பிடித்து பிஸ்மில்லாஹ் கூறி அறுப்பதே ஐயமற்ற வழி. தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதும் கடமை.

உயிருள்ள ஒன்றை வெறும் இலக்காக நிறுத்திப் பொழுதுபோக்குக்காக எய்வதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். பறவையை இலக்காக வைத்து அம்பெய்துகொண்டிருந்த இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டபோது அந்தக் கண்டிப்பை எடுத்துரைத்தார்கள். உணவுக்காக வேட்டை, உயிரை எடுத்து மகிழ்வதற்காக அன்று.

கிரீஸும் தவக்குலும்

வாசகப் பெருமக்களே! நம்மில் பெரும்பாலோர் அலுமினியப் படகு கட்டப் போவதில்லை. ஆனால் நம் ஒவ்வொருவரிடமும் யாரோ ஒருவரின் உயிரைச் சுமக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் இருசக்கர வாகனத்தின் பிரேக், சமையலறையின் கேஸ் குழாய், வாடகைக்கு விட்ட வீட்டின் மாடிக் கைப்பிடிச் சுவர், கடலுக்குப் போகும் நம் சகோதரரின் ஃபைபர் படகு ஆகிய இவையெல்லாம் நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். ஒரு வேலையைச் செய்பவர் அதைச் செவ்வையாகச் செய்வதை அல்லாஹ் நேசிக்கிறான் என்னும் கருத்துடைய நபிமொழியை இமாம் பைஹகீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். கண்ணுக்குத் தெரியும் மெருகைவிடத் தெரியாத இடத்துப் பற்றவைப்பிலும், மூடிக்குள் இருக்கும் கிரீஸிலுமே அந்தச் செவ்வை சோதிக்கப்படுகிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுரை கூறிய செய்தி திர்மிதீயில் வருகிறது. இழுவண்டியின் சங்கிலியை மாட்டுவதும், உயிர்காப்புச் சட்டையை அணிவதும், வானிலை அறிவிப்பைக் கேட்பதும் நம் காலத்து ஒட்டகக் கயிறுகள். கயிற்றைக் கட்டாமல் துஆ மட்டும் செய்பவர் ஒரு பாதியை விட்டவர். கயிற்றை மட்டும் கட்டிவிட்டுத் துஆவை மறப்பவர் மற்றொரு பாதியை விட்டவர். கலத்தில் ஏறும்போது நூஹ் (அலை) அவர்கள் அல்லாஹ்வின் பெயரை மொழியச் சொன்னதை ஹூத் அத்தியாயத்தின் 41ஆம் வசனம் கூறுகிறது. பலகையும் ஆணியும் கொண்டு முறையாகக் கட்டி முடித்த கலத்தில் நின்றே அவர்கள் அதைச் சொன்னார்கள்.

நம் கைகள் செய்யும் வேலையில் நேர்மையையும், நம் பயணங்களில் பாதுகாப்பையும், நம்மை நம்பி ஏறுவோரைப் பத்திரமாகக் கரைசேர்க்கும் பொறுப்புணர்வையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.